ஆத்தாவுக்கு ஜல்பு

மூச்சு வுடுதா. வுடுது. வுடுதுன்னுதான் நெனைக்கிறேன். என் தொப்பையும் அதுவும் ஒட்டிக்கினு கீறதால எது என் மூச்சு எது அதோட மூச்சுன்னு ஒரு எழவும் வெளங்கல. சட்டைக்குள்ள தலகாணி உறை, உறைக்குள்ள பாம்பு, பாம்புக்குள்ள விசில். அந்த விசில்தான் பேஜாரு. உய்ய்... உய்ய்ய்... இந்த வாயால நான் போடாத சத்தமா, ஆட்டோ ஸ்டார்ட் ஆவாம முக்குறது, கரண்டு போனா மிக்ஸி அடங்குறது, என் மாமியா மூக்கு சிந்துறது, எங்க தெருவுல கேட்டுப் பாரு, தேசிங்கு வாயத் தொறந்தா கோழிங்க கூட திரும்பிப் பாக்கும், எந்த சேவல் கூப்ட்டதுன்னு. ஆனா இந்த விசில் மட்டும் வரல. காலைலேர்ந்து ட்ரை பண்றேன். எதுக்கு மெர்சல் ஆவுறோமோ அத்த மாதிரியே ஒருவாட்டி பேசிட்டா அது சின்னதாப் பூடும், அது என் கணக்கு. போலீஸ்காரரு என் வேன நிறுத்தி லைசன்ஸ் கேட்டாருன்னா, அவரு அந்தாண்ட போனதும் அவரு கொரல்லயே "ஓரங்கட்டுய்யா, புக்க எடு"ன்னு ஸ்டீரிங்கப் பாத்து சொல்லுவேன், கை நடுக்கம் நின்னுடும். இது சின்னதாவ மாட்டேங்குது. நான் உதட்டக் குவிச்சு உய்ன்னா அது என் வாய்லேர்ந்து வர்ற உய், அவ்ளோதான். அதுக்குள்ளேர்ந்து வர்றது வேற. சளி கட்டுன புல்லாங்குழல்ல யாரோ வாசிக்கத் தெரியாம ஊதுற மாதிரி. இந்த மிருக ஆஸ்பத்திரில ஏசி வேற போட்டுக்கினு கீறானுங்க. நாய்க்கும் பூனைக்கும் ஏசி கேக்குது வில்லிவாக்கத்துல. இந்தப் பாம்பக் குடுத்த சாதிக் பாய் போன்ல சொன்னாரு, "தேசிங்கண்ணே, ஏசில வெளிய எடுத்துறாதீங்க, வயித்தோட வச்சுக்கோங்க, சூடு ஒன்னுதான் அதுக்கு இப்ப மருந்து"ன்னு. வயித்தோட வச்சுக்கினு கீறேன். இந்த வயித்தால ஒரு பிரயோசனம் இப்பதான் வந்துச்சு. வாசல்ல கம்பவுண்டரு, கண்ணாடிய நெத்தில ஏத்தி வச்சவரு, "பேரு?"ன்னாரு. "தேசிங்கு." "உன் பேரு இல்லப்பா, பேஷண்டு பேரு." நான் யோசிக்கல. "ஆத்தா"ன்னுட்டேன். அவரு கண்ணாடிய எறக்கி என்னைப் பாத்தாரு. "ஆத்தான்னா... நாயா?" "பாம்பு சார்." எழுதுனாரு. எழுதிட்டு நாற்காலிய ரெண்டு அங்குலம் பின்னாடி தள்ளிக்கினாரு. சிரிச்சிருப்பேன், வேற நாளாயிருந்தா அந்த நாற்காலி கிறீச்சுன்னதையும் சேத்து வூட்ல போயி நடிச்சுக் காட்டியிருப்பேன். இன்னிக்கு வரல. மூச்சு வுடுதா. வுடுது.

என் வாயாலதான் வந்துச்சு இந்தப் பாம்பு. கொளத்தூர்ல மீன் கடைங்களுக்கு நான்தான் லோடு அடிக்கிறேன், தண்ணி ரொப்புன கவர்ல மீனுங்க, கண்ணாடித் தொட்டி, கல்லு, பாசி, எல்லாம் என் வேன்லதான் போவும். சாதிக் பாய் கடைல மீனு மட்டும் இல்ல, கிளி, ஓணான் மாதிரி ஒன்னு, அப்பால ஒரு பொட்டில இது. ராயல் பைத்தான்னு சொன்னாரு. ராயல்னு பேரு வச்சுக்கினு, நானும் பாக்குறேன், தெனம் சுருண்டு உருண்டையா படுத்துக்கினு, தலைய நடுவுல சொருவிக்கினு, கடன்காரனுக்கு பயந்தவன் மாதிரி. விக்கவே இல்ல. ஒரு நாள் பாய் அத்த எடுத்து பொட்டி கழுவ வேண்டி வந்துச்சு, கை நடுங்குது மனுசனுக்கு, கடைக்கே முதலாளி! நான் வுடுவனா. அவரு கொரல்லயே, "வாங்க சார், ஒன்னும் பண்ணாது சார், கொழந்த மாதிரி சார், ஆனா நான் தொட மாட்டேன் சார்"ன்னு ஆரம்பிச்சேன், பக்கத்துக் கடக்காரனுங்க எல்லாம் வந்து நின்னுக்கினு சிரிக்கிறானுங்க, எனக்கு கூட்டம் சேந்தா பிரேக் புடிக்காது, இன்னும் போட்டேன். பாய் பொட்டிய மூடிட்டாரு. சிரிப்பு அடங்குனதும், "அவ்ளோ தகிரியம் இருந்தா நீயே எடுத்துக்கினு போ தேசிங்கண்ணே, உனக்கு சும்மாவே தர்றேன், பேப்பர் எல்லாம் உன் பேருக்கே மாத்தித் தர்றேன், வளத்துக் காட்டு"ன்னாரு. எல்லாரும் என்னப் பாத்தானுங்க. அந்த நேரத்துல நாக்கு ஒட்டிக்கிச்சுன்னு சொன்னா எவன் நம்புவான். எடுத்துக்கினேன். வேன்ல வர்றப்ப சிக்னல்ல நின்னா பின்னாடி பொட்டில சரக்குன்னு ஒரு சத்தம், பச்சை வுழுந்தும் என் கால் கிளட்ச்ச வுட மாட்டேங்குது, பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சு என் அம்மாவ விசாரிக்கிறான். மூச்சு வுடுதா. இரு. இரு... வுடுது. நகந்துச்சு. தொப்புள்கிட்ட நகருது. கூச்சமா கீது, சிரிச்சுடப் போறேன், சிரிச்சா வயிறு குலுங்கும், குலுங்குனா அதுக்கு மூச்சு அடைக்குமோ. சிரிக்காத தேசிங்கு. இத்தினி வருசத்துல இந்த வார்த்தைய எனக்கு நானே சொல்றது இப்பத்தான்.

எதிர் நாற்காலில ஒரு அம்மா, மடில கூடை, கூடைல வெள்ளப் பூனை. அந்தப் பூனை என் சட்டையவே பாத்துக்கினு கீது. அது வேற. "உங்களுக்கு என்னங்க, முயலா?"ன்னு அந்தம்மா கேக்குது, என் வயித்தப் பாத்து. "இல்லமா, சொந்தத் தொப்பை." அது சிரிச்சுது. சிரிச்சதும் எனக்கு ஒரு சொட்டு தெம்பு, எனக்கு அது போதும், யாராச்சும் சிரிச்சா நான் கீறேன்னு அர்த்தம். இந்தப் பாம்புகிட்ட மாட்டுனதே அங்கதான். கொண்டாந்த மொத வாரம் அது பொட்டிக்கு முன்னாடி உக்காந்துக்கினு நான் போடாத கொரல் இல்ல. எம்.எல்.ஏ. கொரல், ரேசன் கடக்காரம்மா கொரல், கோயில் மைக்ல "சிகப்புச் சட்ட போட்ட கொழந்த காணாமப் போச்சு" கொரல். ஒன்னுக்கும் அசையல. கண்ண மூடவும் இல்ல, அதுக்கு மூட இமையே இல்லியாமே. சொம்மா பாக்குது. நாக்க நீட்டுது, உள்ள இழுக்குது. பாய்கிட்ட கேட்டா, "அண்ணே, அதுக்குக் காதே கெடையாதுண்ணே"ன்னாரு. ராத்திரி பூரா தூக்கம் வரல எனக்கு. காது இல்லாத ஒன்னுகிட்ட நான் யாரு? சொல்லு. வாய மூடிக்கினா நான் யாரு? கல்யாணம் ஆன புதுசுல பூங்காவனம் கோவிச்சுக்கினு மூஞ்சத் திருப்பிப் படுத்தா அவ அப்பன் கொரல்ல "எம்மா பூங்கா, மாப்ளைக்கு சோறு போட்டியா"ன்னுவேன், அவ தோளு குலுங்கும், கோவம் பூடும். இதுக்கு தோளும் இல்ல. ஆனா ஒரு நாள், பேசி ஓஞ்சு போயி, கைய உள்ள வச்சேன், கண்ண மூடிக்கினு, முருகா முருகான்னு. வந்து ஏறிக்கிச்சு. மெதுவா, ஈர சாக்குப் பை இழுக்குற மாதிரி, ஆனா ஈரம் இல்ல, கோடு போட்ட லெதர் பர்ஸ் மாதிரி, மணிக்கட்ட சுத்தி ஒரு புடி புடிச்சுது பாரு, பிரஷர் பாக்குற நர்சம்மா பட்டி கட்டுற மாதிரி, உசுரு எங்க போச்சுன்னு தெரியல எனக்கு. கத்த வாயத் தொறந்தேன், சத்தம் வரல. அது பாட்டுக்கு கைல இருந்துச்சு. அது என் சத்தத்துக்கு வரல. சூட்டுக்கு வந்துச்சு. அத்த நெனச்சா இன்னும் என்னமோ பண்ணுது. என்ன பண்ணுதுன்னு கேட்டா சொல்லத் தெரியல, படிச்சவன் சொல்லுவான்.

ஐஸ்ல வச்ச செத்த எலிய வெந்நீர்ல போட்டு எடுத்து, இடுக்கில புடிச்சு ஆட்டி ஆட்டிக் குடுப்பேன், டபக்குன்னு புடிக்கும், நான் இடுக்கிய உட்டுட்டு ரெண்டு அடி தள்ளிக் குதிப்பேன், அப்பால குதிக்கிறது கொறஞ்சுது, அப்பால குதிக்கவே இல்ல. தண்ணி மாத்துவேன். தேங்கா நார மாத்துவேன். சட்டை உரிச்சா அத்த எடுத்து வெயில்ல வச்சுப் பாப்பேன், கண்ணு இருந்த எடம் கூட கண்ணாடி மாதிரி வந்திருக்கும். ஆனா அதுக்குப் பேரு வச்சது நான் இல்ல. பூங்காதான். மொத நாளு அலறிக்கினு எதிர் வூட்டுக்கு ஓடுனா, "அது இந்த வூட்ல இருந்தா நான் இருக்க மாட்டேன்"னா. "சரி, அது கூட நீ பேச வேணாம், என் கூட நீ பேசுற பேச்சுக்கு அது எவ்ளோ மேல்"னேன். அடிச்சா. அப்பால எப்ப மனசு மாறுனான்னு தெரியல. ஒரு வெள்ளிக்கெழம பாக்குறேன், பொட்டி மூடில ஒரு குங்குமப் பொட்டு. அடுத்த வெள்ளி கற்பூரம். "இன்னாமே இது?"ன்னேன். "வூடு தேடி வந்தது, பொட்டில போட்டு வச்சிருக்கீங்களே, பாவம் இல்ல? நாகாத்தம்மன் கோயிலுக்கு எத்தினி முட்ட வச்சிருப்பேன், எத்தினி மஞ்சத் துணி கட்டியிருப்பேன், மோனிஷாவுக்கோசரம்?"ன்னா. மோனிஷா எங்க பொண்ணு. அரக்கோணத்துல குடுத்திருக்கோம். கண்ணாலம் ஆயி வருசம் ஓடிப் போச்சு, வயித்துல ஒன்னும் தங்கல, சம்பந்தியம்மா மூக்கால பேசுவா, "எங்க பக்கம் இந்தக் கொறையே இல்லீங்க"ன்னு, அந்தக் கொரல நான் போட்டா பூங்கா சிரிக்க மாட்டா, அது ஒன்னுக்குத்தான் சிரிக்க மாட்டா. அப்பதான் ஒரு நாள் மோனிஷா போன். "அப்பா"ன்னா. அழுவுறா. நான் மெர்சலாயிட்டேன். அழுது முடிச்சு, "அப்பா, தங்கிடுச்சுப்பா"ன்னா. பூங்கா போன வாங்கிக் கூட பேசல. நேரா பொட்டிகிட்ட போயி வுழுந்துட்டா, நெத்தி தரைல பட்டு டொக்குன்னு சத்தம். "ஆத்தா"ன்னா. அன்னிலேர்ந்து அது ஆத்தா. நானும் ரவுசு வுட்டேன், பூசாரி கொரல்ல உடுக்க சத்தத்தோட, "மகளே, எனக்கு வாரம் ஒரு எலி வேணுமடி"ன்னு. அவ அதுக்கும் சிரிக்கல. கன்னத்துல போட்டுக்கினா. கிண்டல்தான் பண்றேன்னு அவளுக்குத் தெரியும், ஆனா கிண்டலுக்குள்ள பூந்து ஆத்தாவே பேசுறான்னு வச்சுக்கினா. அப்பத்தான் எனக்கே மொதவாட்டி என் கொரல் மேல ஒரு பயம் வந்துச்சு.

உய்ய்ய்... சத்தமா வந்துச்சு இந்தவாட்டி. பூனைக்காரம்மா திரும்புது. "உங்களுக்கு வீசிங்கா?" "ஆமாமா, சின்ன வயசுலேர்ந்து." மூச்ச இழுத்துக் காட்டுறேன், அது மாதிரியே. வரல. அந்தம்மா பாவமாப் பாக்குது. கழுத்துப் பக்கம் பட்டன அவுத்து எட்டிப் பாக்குறேன், துணிக்கு மேல தலை முட்டிக்கினு நிக்குது, மேல பாத்து, ஆகாசத்தப் பாத்து கேள்வி கேக்குற மாதிரி தலையத் தூக்கிக்கினே கீது ரெண்டு நாளா. துணில ஈரம். மோந்து பாத்தேன். ஒன்னும் வாசம் இல்ல, இல்ல, கீது, என்னமோ வூட்டு வாசம். பூங்கா சேல வாசம். வேன எடுக்கிறப்ப வாசல்ல வந்து நின்னா. "ஆத்தாவுக்கு ஒன்னு ஆச்சுன்னா..."ன்னு ஆரம்பிச்சா. முடிக்கல. முந்தானையால வாயப் பொத்திக்கினு உள்ள பூட்டா. அந்த வாக்கியம் முடியாததால என் கூடவே வேன்ல வந்துச்சு, பாடி சிக்னல்ல பக்கத்து சீட்ல உக்காந்துச்சு, இங்க இந்த ஏசில என் எதிர்ல கால் மேல கால் போட்டுக்கினு கீது. ஆச்சுன்னா. ஆச்சுன்னா இன்னா? டேய் தேசிங்கு, இது எவனோ ஒருத்தன் ரேக்குல அடுக்கி வச்சு குஞ்சு பொரிச்சது. பாய் கடைல சரக்கு. ஓணானுக்குப் பக்கத்துல கெடந்தது. அரக்கோணம் எங்க கீதுன்னு இதுக்குத் தெரியுமா? மோனிஷாவ இது பாத்திருக்கா? பாத்திருக்கு. போன மாசம் வந்தப்ப மோனிஷா பொட்டிகிட்ட உக்காந்துக்கினு வயித்தத் தடவிக்கினே இருந்தா, இது தலையத் தூக்கி நாக்க நீட்டி நீட்டி அவளப் பாத்துச்சு. எல்லாரையும்தான் அப்டிப் பாக்கும். எல்லாரையும்தான். எனக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாது, சாமி கொரல்ல பேசி சில்லற வாங்குற ஆளு நானு, எனக்கே தெரியாதா உள்ள இன்னா கீதுன்னு. அப்புறம் ஏன் இந்த உறைய இப்டி புடிச்சுக்கினு கீறேன்? மூச்சு வுடுதா. இங்க நின்னா அங்க நின்னுடுமா. சீ. வாயக் கழுவு. நெனப்பக் கழுவ ஏதாச்சும் கீதா?

போன் ஆடுது. சட்டப் பையில. பாம்புக்குப் பக்கத்துல போன் ஆடுனதும் ரெண்டும் ஒன்னா ஆடுது, எத்த எடுக்கிறதுன்னு தெரியல. எடுத்துப் பாத்தா "மாப்ள". இந்த நேரத்துல மாப்ள ஏன்? வேல நேரத்துல போனே பண்ண மாட்டாரே. எடுக்காத. எடுக்கலன்னா ஒன்னும் ஆவல. எடுத்தா ஆயிடும். ஆடி நின்னுச்சு. திருப்பி ஆடுது. ரெண்டுவாட்டி அடிக்கிறாருன்னா. பச்சைய இழுத்தேன். "மாமா?" "சொல்லுப்பா." என் கொரலே இல்ல அது, எவன் கொரல்னும் தெரியல, எல்லார் கொரலும் தெரிஞ்ச எனக்கு. "மாமா, அடுத்த வாரம் வளகாப்புக்கு சேர் உங்க பக்கமே சொல்லிடறீங்களா, இங்க எல்லாம் முகூர்த்தத்துக்குப் பூடுச்சாம்." சேரு. சேருப்பா. நான் ஆயிரம் சேரு தர்றேன்டா ராசா. "சொல்லிடறேன்பா. மோனி?" "தூங்குறா மாமா, நான் இன்னிக்கு லீவு." "மூச்சு வுடுறாளா?" வந்துடுச்சு. வாய்லேர்ந்து வந்துடுச்சு. "என்ன மாமா?" "இல்லப்பா, மூச்சு வாங்குதான்னு கேட்டேன், மாடி ஏறுனா வாங்குமே, அவ அம்மாவுக்கு அப்டித்தான்..." "அதெல்லாம் நல்லா இருக்கா மாமா, கொழம்புல உப்பு இல்லன்னு காலைல என் கூட சண்ட." வச்சுட்டாரு. முதுகு பூரா நனஞ்சு போச்சு, ஏசில. பூனைக்காரம்மா தண்ணி பாட்டில நீட்டுது. குடிக்கிறேன். நான் குடிக்கிறப்ப தொண்ட மடக்கு மடக்குன்னு சத்தம் போடுது, உள்ள ஆத்தா அசையல. அசையல. வெரல வச்சு அமுக்குறேன். ஆத்தா. மே. ஏய். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இறுகுச்சு. இறுகுச்சு. அந்தப் புடியப் பாத்து உசுரு போன காலம் ஒன்னு இருந்துச்சு, இப்ப புடி இல்லன்னா போவுது. "ஆத்தா! ஆத்தா யாருப்பா?" கம்பவுண்டரு கூப்புடுறாரு, நாய்ங்க எல்லாம் திரும்புது, பூனைக்காரம்மாவும் திரும்புது, நான் தொப்பையப் புடிச்சுக்கினு எழுந்துக்கிறேன், நெற மாசக்காரி மாதிரி.

டாக்டரு சின்னப் பொண்ணு, ரெஜினான்னு சட்டைல தெச்சிருக்கு, மூக்கடச்ச கொரலு, ஒவ்வொரு வாக்கியம் முடியறப்பயும் "சரியா?"ன்னு கேக்குது. ரெண்டு வார்த்த பேசுனதுமே எனக்கு அந்தக் கொரல் வந்துடுச்சு, தொண்டைல ரெடியா நிக்குது, வாணாம், உள்ள போ. உறையத் தொறந்து ஆத்தாவ எடுத்துச்சு, பயமே இல்லாம, துவைச்ச துணி எடுக்குற மாதிரி. உருண்டையா சுருளல அது. அந்த உருண்டையப் பாத்து நான் எவ்ளோ கிண்டல் பண்ணியிருப்பேன். இப்ப சுருளவே தெம்பு இல்லாம தொங்குது, நீட்டமா, வேன் கயிறு மாதிரி. சுருளு. ஒருவாட்டி சுருளு ஆத்தா. வாயத் தொறந்து டார்ச் அடிச்சுது. உள்ள ரோசா நெறம், நூல் நூலா எச்சி, சின்னச் சின்ன முட்டை முட்டையா நொர. "எவ்ளோ நாளா சத்தம்?" "கொஞ்ச நாளா டாக்டர்." "சூடு குடுக்குறீங்களா?" "அடில கரண்டுல சூடாவுற மேட்டு கீது டாக்டர், பாய் குடுத்தது." "தண்ணி மாத்துறீங்களா?" "தெனம்." "ரூம்ல கொசுவத்தி, ஊதுவத்தி, எதாவது பொக?" "ஊதுவத்திலாம் இல்ல டாக்டர்." நிறுத்துனேன். அது எழுதிக்கினே தலையத் தூக்கல. "சாம்பிராணிதான்." தூக்குச்சு. "எவ்ளோ தள்ளி?" தள்ளியா. தள்ளி இல்ல டாக்டர். எப்டி சொல்றது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பூங்கா தூபக்கால எடுத்துக்கினு எல்லா ரூமும் சுத்திட்டு கடைசியா ஆத்தாகிட்ட வருவா, பொட்டி ஓட்டைங்க கிட்ட வச்சு விசிறுவா. அப்பால இந்த விசில் வந்துச்சு. "ஆத்தாவுக்கு ஜல்பு புடிச்சிருக்கு"ன்னா பூங்கா. எனக்கும் அப்டித்தான் பட்டுச்சு. ஜல்பு புடிச்சா இன்னா பண்ணுவோம், மோனிஷா கைக்கொழந்தையா இருந்தப்ப தலைக்கு ஊத்திட்டு கூடையக் கவுத்துப் போட்டு மேல துணி விரிச்சு அடில சாம்பிராணி வைப்போம், தலை காயணும், சளி கட்டக் கூடாது, தும்முவா, சிரிப்பா, புகைய கையால புடிப்பா. அதையேதான் பண்ணோம். பொட்டி மூடிய நான்தான் தூக்கிப் புடிச்சேன். பூங்கா உள்ள தூபக்கால எறக்குனா, மேல துண்டு போட்டு மூடுனோம். விசில் ஜாஸ்தியாச்சு. ஜாஸ்தியாச்சுன்னு இன்னும் ஒரு புடி போட்டோம். காலைல, சாயங்காலம். நான் பூசாரி கொரல்ல பாடிக்கினே புடிச்சேன். இத்தையெல்லாம் சொன்னேனா, பாதிதான் சொன்னேனா தெரியல, டாக்டரு திட்டும்னு நின்னேன். திட்டல. ஆத்தாவத் தடவிக்கினே சொல்லுச்சு, "ஐயா, பாம்புக்கு இரும வராது. நமக்குப் பொக போனா இருமித் தள்ளிடுவோம், இது தள்ள முடியாம உள்ளயே வச்சுக்கும், சரியா?" இரும வராதா. "ஊசி போட்டு, மருந்த ஆவியா குடுத்துப் பாக்குறேன். இப்ப எதுவும் சொல்ல மாட்டேன். பொழச்சா, பொக வாசமே இல்லாத ரூம் வேணும். இன்னிக்கே வூட்டத் தொறந்து போடச் சொல்லுங்க, சரியா? இது பையன் மாதிரி தெரியுது, பேரு ஆத்தாவா?" சிரிச்சுது. நான் சிரிக்கல. ஆத்தா ஆம்பளையாம். யாருகிட்ட சொல்றது அத்த.

வெளில வந்து மாடிப்படிகிட்ட நிக்கிறேன், வயிறு காலியா கீது, சட்ட சில்லுன்னு ஒட்டுது. இன்னிக்கு வெள்ளிக்கெழம. இந்நேரம் பூங்கா அடுப்புக்கரி மூட்டியிருப்பா. ஆத்தா திரும்பி வர்றப்ப பொட்டி கமகமன்னு இருக்கணும்னு ஒன்னுக்கு ரெண்டா போட்டிருப்பா. போன் பண்ணணும். இன்னான்னு? உன் பக்திதாண்டி அதோட கழுத்தப் புடிச்சுதுன்னா? அவ அதோட நிறுத்த மாட்டா, அங்கேர்ந்து நேரா அரக்கோணத்துக்குப் பூடுவா, நான் போன வழிலயே, ஆச்சுன்னா ஆச்சுன்னான்னு, வளகாப்பு பந்தல்ல உக்காந்துக்கினு மக வயித்தையே பாத்துக்கினு இருப்பா, கொழந்த ஒதைக்கிற வரைக்கும் மூச்சு வுட மாட்டா. என்கிட்ட ஒரு வழி கீது. தொண்டைல ரெடியா நிக்குது. மூக்கடச்ச கொரலு, "அம்மா, டாக்டர் பேசறேன்மா, ரூம்ல பொக வேணாம், சரியா? ஆத்தாவுக்கு ரெஸ்ட் வேணும், அவ்ளோதான், சரியா?" முடிஞ்சுது. யாரு மேலயும் தப்பு இல்ல. வேன் இடிச்சப்ப அப்டித்தான், இன்ஸ்பெக்டர் கொரல்ல நான்தான் போன் பண்ணேன், "உங்க வூட்டுக்காரருக்கு ஒன்னும் இல்லமா, சின்ன காயம்"னு, கால் ஒடஞ்சு கெடந்துக்கினு. நல்லது எதுனாலும் என் கொரல்ல சொல்லுவேன், கெட்டதுக்கு வேற ஆளு. போன் போட்டேன். ரிங்கு போவுது. எடுத்தா. "அம்மா, டாக்டர் பேசறேன்மா..." வந்துடுச்சு, கச்சிதமா வந்துடுச்சு, டாக்டரே கேட்டா ஏமாந்துடும். "சொல்லும்மா! சொல்லு தாயீ! ஆத்தா எப்டி கீறா?"ன்னா பூங்கா. அந்தக் கொரல்ல ஒரு நம்பிக்க பாரு. பெரிய டாக்டரே நமக்கு போன் பண்ணுதேன்னு. அந்த நம்பிக்கைலதான் அவ புகையும் போட்டா. என்னால அடுத்த வார்த்த வரல. "அம்மா? லைன்ல கீறியாம்மா?"ங்குறா. "நான்தான்டி"ன்னேன். என் கொரலு. கரகரன்னு, ஒன்னுக்கும் லாயக்கில்லாத கொரலு. "பூங்கா, புகைதான். சாம்பிராணிதான். அதுக்கு ஆவாதாம். நாம போட்டதுதான். கேக்குதா?" "நான் போட்டதா?"ன்னா. "மூடியப் புடிச்சது நானு. ரெண்டு பேரும்தான்." ஒன்னும் சொல்ல மாட்டேங்குறா. ஏதாச்சும் சொல்லு. திட்டு. "மோனிஷா தூங்குறா, மாப்ள போன் பண்ணாரு, கொழம்புல உப்பு இல்லன்னு சண்டயாம், ரெண்டுக்கும் சம்மந்தம் இல்ல பூங்கா, இது வேற அது வேற, கேக்குதா, இது பொட்டில கெடந்த பாம்பு, ஜல்பு புடிச்ச பாம்பு, நாமதான்..." எனக்கு நானே சொல்லிக்கினு கீறேன். பாத்திரம் உருள்ற சத்தம். கொழாய் தொறக்குற சத்தம். அப்பால உஸ்ஸ்ஸ்ஸ்ஸுன்னு பெருசா ஒன்னு, நான் திடுக்குன்னு வயித்தத் தொட்டேன், வயித்துல யாரும் இல்ல, அது தூபக்கால்ல தண்ணி ஊத்துன சத்தம். கதவு தொறக்குது. ஒன்னு, இன்னொன்னு, கொல்லப் பக்கம் தாப்பா மாட்டிக்கினு கறக் கறக்குன்னு ஆடி, அதுவும் தொறக்குது. புகை மேல வந்திருக்கணும். பூங்கா இரும ஆரம்பிச்சா. இரும்புறா. அழுதுக்கினே, நிறுத்தாம. நான் போன காதுல அமுக்கிக்கினு, வாயத் தொறக்காம நின்னுக்கினு கீறேன். இருமு பூங்கா. நல்லா இருமு.